கிணறு இல்லாத வீடு

விவேக் நகர், பெங்களூரு
4 ஆகஸ்ட் 2024

மதிப்பிற்குரிய அர்ஜுனன் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் சஹானா. நாம் சந்தித்ததில்லை. உங்களுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை, போனை எடுக்கமாட்டீர்கள், ஆனால் கடிதம் போட்டால் தவறாமல் பதில் எழுதுவீர்கள் என்று உங்கள் தம்பி மகன் ரகு சொன்னார். எனக்கும் அதுவே சௌகரியம். தெரியாதவர்களிடம் எனக்குப் பேச்சு வராது.

டாக்டர் அம்புஜம் அம்மாவுக்கு வரும் ஜனவரியில் எண்பத்தைந்து வயது. அல்சூரில் அவர் நடத்திய பிரசவ ஆஸ்பத்திரி, புருஷன் கையெழுத்து இல்லாமலே பெண்களைச் சேர்த்துக்கொண்டதற்காக அவர் மேல் வந்த வழக்குகள், ஆஸ்பத்திரிக் கூடத்தில் அவர் தொடங்கிய பெண்கள் சங்கம், எல்லாவற்றையும் சேர்த்துச் சங்கம் ஒரு புத்தகம் போடுகிறது. எழுதும் வேலை எனக்கு. நான் பி.ஏ. சரித்திரம் படித்தவள். எங்கள் வீட்டில் காலேஜுக்குப் போன முதல் ஆள். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். நான் பிறந்ததும் டாக்டர் அம்மாவின் கையில்தான்.

அவருடைய கல்யாணம் பற்றி மட்டும் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கேட்டால், "அதான் ஊருக்கே தெரியுமே" என்று சொல்லிவிட்டு ரேடியோவைத் திருப்பத் தொடங்கிவிடுகிறார். சங்கத்தில் எல்லோரும் சொல்வதை வைத்து நான் எழுதியிருப்பது இது:

"அம்மா வைத்தியம் பார்ப்பது கணவர் அர்ஜுனனுக்குப் பிடிக்கவில்லை. ஒருநாள் அவருடைய ஸ்டெதஸ்கோப்பைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டார். தடுத்தபோது அடித்தார். அன்றே அம்மா கட்டிய சேலையோடு வெளியேறினார்."

ஒருவரைப் பற்றி எழுதினால் அவரிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று காலேஜில் சொல்லிக் கொடுத்தார்கள். இதை உங்களுக்கு அனுப்பலாமா கூடாதா என்று ஒரு வாரம் யோசித்தேன். கோபப்பட்டால் அது உங்கள் நியாயம். ஆனால் கல்யாணம் நடந்த வருஷத்தையும் ஊரையுமாவது சொன்னால் உதவியாக இருக்கும்.

பணிவுடன்,
சஹானா


அத்திபெலே
11 ஆகஸ்ட் 2024

செல்வி சஹானாவுக்கு ஆசிகள்.

உன் கடிதம் கிடைத்தது. கையெழுத்து குண்டு குண்டாக நன்றாக இருக்கிறது. பெங்களூரில் வளர்ந்த பிள்ளைக்கு இவ்வளவு தமிழ் யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

நீ கேட்ட விவரங்கள். கல்யாணம் 1966, வைகாசி மாதம், வாணியம்பாடியில். அப்போதே அவள் டாக்டர். பெண் டாக்டர் என்றதும் பார்க்க வந்த கூட்டம், கல்யாணத்துக்கு வந்த கூட்டத்தைவிட அதிகம். நான் டெலிபோன் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆயுசு முழுக்க டெலிபோன் செய்தவனுக்கு இப்போது ஒரு டெலிபோனும் கேட்பதில்லை. இங்கே ஓசூர் ரோட்டில் போகும் லாரிகளின் ஹாரன் மட்டும் எப்படியோ உள்ளே வந்துவிடுகிறது. ரகு, அவன் மனைவி, மகள் அனுஷாவோடு இருக்கிறேன். குறை ஒன்றும் இல்லை. காபி மட்டும் தண்ணீர்.

நீ எழுதியதில் எனக்குக் கோபம் இல்லை. கிணற்றில் போட்டது அப்படியே இருக்கட்டும். "தடுத்தபோது அடித்தார்" என்பதை மட்டும் எடுத்துவிடு. அதை எடுத்துவிட்டுப் படித்துப் பார்த்தேன். பத்தி கெடவில்லை.

டாக்டருக்கு முழங்கால் வலி இருந்ததே, இப்போது எப்படி?

அன்புடன்,
சி. அர்ஜுனன்


விவேக் நகர்
25 ஆகஸ்ட் 2024

அன்புள்ள ஐயா,

கோபப்படாமல் எழுதியதற்கு நன்றி. எனக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தது அல்சூரில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் இலவச வகுப்பு. என் அம்மா கட்டாயமாக அனுப்பினாள். டாக்டர் அம்மாவுக்கு இடது முழங்கால் மடங்குவதில்லை. ஆனால் யார் கையையும் பிடிக்கமாட்டார்.

நான் ஒரு காரியம் செய்தேன். போன சனிக்கிழமை, சங்கத்தில் விசாரித்துக்கொண்டு, அல்சூர் ஏரிப் பக்கம் நீங்கள் குடியிருந்த தெருவுக்குப் போனேன். புத்தகத்துக்கு அந்தக் கிணற்றைப் படம் எடுக்கலாம் என்று ஆசை. உங்கள் வீடு இருந்த இடத்தில் இப்போது மூன்று மாடிக் கட்டடம். கீழே மொபைல் கவர் விற்கும் கடை. கடைக்காரருக்கு எதுவும் தெரியவில்லை. எதிர்வீட்டு முத்தம்மாவுக்கு உங்களை நன்றாக ஞாபகம் இருக்கிறது. "டெலிபோன் ஆபீசர்" என்றார். கிணறு எங்கே இருந்தது என்று கேட்டதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கெணறா? இந்தத் தெருவுலயா? யாரு கண்ணு சொன்னா?"

"இல்ல பாட்டி, அந்த வீட்டுல..."

"கொழாயடியில கொடத்த வெச்சுக்கிட்டு ஒருத்தி முடிய ஒருத்தி புடிச்சு இழுத்தோம். கெணறு இருந்திருந்தா எங்களுக்கு எதுக்கு அந்த சண்ட?"

திரும்பி வரும்போது பஸ்ஸில் இதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். கிணறே இல்லாத வீட்டில் நீங்கள் எந்தக் கிணற்றில் போட்டீர்கள்? போட்டதை ஏன் ஒப்புக்கொள்கிறீர்கள்?

"அடித்தார்" என்பதை எடுக்கும் விஷயம் அவ்வளவு சுலபமில்லை ஐயா. எங்கள் செயலாளர் சரசு அக்காவிடம் உங்கள் கடிதத்தைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அப்படி வைத்தால் திட்டப்போகிறார் என்று எங்களுக்குத் தெரியும்.

"ஏய், ஆம்பள எழுதினான்னு பொம்பள சொன்னத அடிச்சுடுவியா நீ? அப்போ எதுக்கு இந்தச் சங்கம்? இழுத்து மூடிட்டு பேல்பூரிக் கடை வெக்கலாமா?"

"இல்லக்கா, கேட்டுப் பாக்கலாம்னு..."

"சும்னே இரு. ஸ்வல்ப யோசி, கொஞ்சமாவது யோசி. எந்த ஆம்பள அடிச்சேன்னு எழுதிக் குடுப்பான்?"

அந்தக் கேள்வியை அப்படியே உங்களுக்கு அனுப்புகிறேன்.

பணிவுடன்,
சஹானா


அத்திபெலே
3 செப்டம்பர் 2024

அன்புள்ள சஹானாவுக்கு,

சரித்திரம் படித்தவள் என்று சொன்னபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். அது என் தப்பு.

சரி, சொல்கிறேன். இது உனக்கு மட்டும், புத்தகத்துக்கு இல்லை.

நாங்கள் பிரிந்தது 1971-இல். அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து வெளியே வருகிறேன், ஃபாக்டரி கேட் எதிரில் அம்புஜம் நிற்கிறாள். நீலக் கரை போட்ட வெள்ளைச் சேலை. கையில் மடக்குக் குடை. என்னோடு வந்தவர்கள் எல்லாம் மரியாதையாக விலகிப் போய், கொஞ்சம் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"உங்களால ஒரு உதவி ஆகணும்" என்றாள்.

"சொல்லு."

"மீட்டிங்குக்கு வர்ற பொம்பளைங்க வாயே தொறக்க மாட்டேங்கறாங்க. நான் என் கதையச் சொன்னாத்தான் அவங்க சொல்வாங்க. நீங்க என் ஸ்டெத்தத் தூக்கிக் கெணத்துல போட்டுட்டதாச் சொல்லிக்கட்டுமா?"

"நம்ம வீட்டுல ஏது கெணறு?"

"கதையில இருந்துட்டுப் போகட்டும்."

நான் யோசிக்கவே இல்லை. "உன் காரியம் நல்ல காரியம். என் பேரை எப்படி வேணும்னாலும் எடுத்துக்கோ" என்றேன். அவள் போய்விட்டாள். டீ சாப்பிடுகிறாயா என்று கேட்கத் தோன்றவில்லை.

அன்றிலிருந்து நான் ஸ்டெத் அர்ஜுனன். கான்டீனில் என் பக்கத்தில் உட்காருபவன், "யோவ், என் கண்ணாடியப் பாத்துக்கய்யா, இவன் எடுத்து சாம்பார்ல போட்டுடுவான்" என்பான். பஸ்ஸில் ஒரு பெண் தன் மகளிடம் என்னைக் காட்டி, "இந்த ஆளுதான்டி" என்றாள். இறங்க வேண்டிய ஸ்டாப்புக்கு முன்னாலேயே இறங்கி நடந்தேன். மறு கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்து, இரண்டு முறையும் கிணற்றில் விழுந்தது. அதற்காக அவளிடம் நான் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை.

ஆனால் அடித்ததாக அவள் என்னிடம் கேட்கவில்லை. நான் கொடுக்கவும் இல்லை.

அனுஷா இந்த வருஷம் பி.யு.சி. டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று ராப்பகலாகப் புத்தகமும் கையுமாக இருக்கிறாள். கிணற்றுக் கதை அவளுக்குத் தெரியும். "ஏன் தாத்தா, அந்த ஸ்டெத் உன்ன என்ன பண்ணிச்சு?" என்று கிண்டல் செய்வாள். அடித்தார் என்று அச்சில் படித்தால் கிண்டல் செய்யமாட்டாள். என்னிடம் பேசவேமாட்டாள். எனக்கு இந்த வீட்டில் பேச்சுத் துணை அவள் ஒருத்திதான். காதருகே வந்து கத்திப் பேசும் பொறுமை வேறு யாருக்கும் இல்லை.

சரசு கேட்டது நியாயம்தான். அம்புஜத்திடம் இதைக் கேட்காதே.

அன்புடன்,
அர்ஜுனன்


விவேக் நகர்
22 செப்டம்பர் 2024

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தைப் பல முறை படித்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பாதி நம்புகிறேன். கிணறு இல்லை என்று முத்தம்மாவே சொன்னதால் அந்தப் பாதி. மீதிக்கு உங்கள் வார்த்தை மட்டும்தான் இருக்கிறது. பெண்கள் சொல்வதை நம்ப வேண்டும் என்பதற்காகவே நடக்கும் ஓர் இடத்தில் சம்பளம் வாங்குகிறேன். என் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

ஆனாலும் அந்த "அடித்தார்" எங்கிருந்து வந்தது என்று தேடினேன். எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சனிக்கிழமை கூட்டத்துக்குப் புதிதாக ஒரு பெண் வந்தால் அவள் கதையை உடனே கேட்கமாட்டோம். பழைய ஆள் யாராவது முதலில் டாக்டர் அம்மாவின் கதையைச் சொல்வார்கள். புதியவள் முதல் ஆளாக வாய் திறக்க வேண்டாம் என்பதற்காக டாக்டர் அம்மாவே வைத்த ஏற்பாடு. இதுவரை நான் அதை முழுதாகக் காதில் வாங்கியதில்லை, டீ கொடுக்கும் நேரம் அது. இந்த மாதம் சுவரோரம் உட்கார்ந்து ஒழுங்காகக் கேட்டேன்.

ஒவ்வொரு வாரமும் நீங்கள் வேறு ஆள் ஐயா. சங்கத்தின் பழைய ஆள் ரக்ஷா அக்கா சொன்னபோது புத்தகங்களைக் கொளுத்தினீர்கள். எங்கள் தெரு ஜெயராஜ் அண்ணனின் மனைவி சொன்னபோது குடித்திருந்தீர்கள். சரசு அக்கா சொன்னபோதுதான் அடித்தீர்கள். இடுப்பு பெல்ட்டால், சமையலறை வாசலில், காதோரம். அவ்வளவு துல்லியமாகச் சொன்னார்.

கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது மெதுவாகக் கேட்டேன். "அக்கா, பெல்ட்டுன்னு டாக்டர் அம்மா சொன்னாங்களா?"

அவர் நாற்காலியைக் கீழே வைத்தார். "என் வீட்டுக்காரன் என்னைய பெல்ட்டாலதான் அடிச்சான். அவங்கள மட்டும் பூவால அடிச்சிருப்பானா?"

"அப்போ அவங்க சொல்லல..."

"அவங்க சொல்ல மாட்டாங்க. நான் மட்டும் சொன்னேனா? என் பேரப் போட்டு எங்கயாவது சொல்லியிருக்கேனா?" என்றார். பிறகு நாற்காலியை எடுத்து அடுக்கில் வைத்தார். அவர் காதோரத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. இத்தனை நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தும் அது என் கண்ணில் பட்டதில்லை.

ஆகவே நீங்கள் சொன்னது சரி. ஆனால் அந்த வார்த்தையை எடுக்கும் அதிகாரம் எனக்கு இல்லை. டாக்டர் அம்மா சொன்னால்தான் எடுக்க முடியும். அவரிடம் கேட்காமல் வழியில்லை.

கேட்கும் முன் உங்களிடம் ஒரு கேள்வி. கிணறு இல்லை, அடி இல்லை, குடி இல்லை. பிறகு அவர் ஏன் போனார்? 1971-இல் அன்று என்ன நடந்தது?

அன்புடன்,
சஹானா


அத்திபெலே
30 செப்டம்பர் 2024

அன்புள்ள சஹானாவுக்கு,

இங்கே நல்ல மழை. ரோடெல்லாம் சேறு. ரகு ஸ்கூட்டரில் வழுக்கி முழங்கையைச் சிராய்த்துக்கொண்டான். அனுஷாவுக்கு டெஸ்ட்டில் நல்ல மார்க்.

நீ கேட்டது எனக்கு ஞாபகம் இல்லை. வயதாகிவிட்டது. ஒத்துப்போகவில்லை, பிரிந்தோம். எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

அவளைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று மறுபடியும் சொல்கிறேன்.

அர்ஜுனன்


விவேக் நகர்
20 அக்டோபர் 2024

அன்புள்ள ஐயா,

ஒன்பது வருஷம் கழித்துப் பார்த்தவரின் சேலைக் கரை நிறம் ஞாபகம் இருப்பவருக்கு அந்த நாள் ஞாபகம் இல்லை என்பதை என்னால் நம்ப முடியவில்லை. அதனால் நீங்கள் வேண்டாம் என்றதைச் செய்துவிட்டேன். மன்னியுங்கள்.

புதன்கிழமை மத்தியானம் டாக்டர் அம்மா வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சரசு அக்காவும் இருந்தார். அந்தப் பக்கத்தை அவர் மடியில் வைத்து, "இது சரியாம்மா?" என்று மட்டும் கேட்டேன்.

படித்தார். "அடிச்சாரா? யாரு எழுதினது?"

நான் சரசு அக்காவைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தேன்.

"அவர் யாரையும் அடிக்கற ஆள் இல்லையே. கெணத்துலயும் போடல. அது நான் வெட்டின கெணறு."

"அப்போ என்னதாம்மா பண்ணாரு?"

"ஒண்ணும் பண்ணல" என்றார். பிறகு அவரே சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அன்னைக்கு என் மாமனாருக்குத் திதி. ஐயர் வந்து உக்காந்தாச்சு. தெருவுல ஒருத்தன் ஓடிவந்து 'டாக்டரம்மா, டாக்டரம்மா'ன்னு கத்தறான். ஏரிக்கரையில தனபாக்கியம்னு ஒரு பொண்ணு, தலைப்பிரசவம், ரத்தம் நிக்கல. நான் பைய எடுத்துட்டேன். மாமியார் கதவப் பூட்டி சாவிய இடுப்புல சொருகிட்டாங்க. 'தீட்டு வீட்டுக்குப் போயிட்டு வந்தா திதி கெட்டுடும், படையல் போட்டு காக்கா எடுத்தப்பறம் போ'ன்னுட்டாங்க. நான் இவரப் பாத்தேன். எள்ளும் தண்ணியும் விட்டுக்கிட்டு இருந்தாரு. என்னப் பாத்தாரு. மறுபடி கையப் பாத்துக்கிட்டாரு. 'அம்மா, கதவத் தெற'ன்னு ஒரு வார்த்த போதும். அவங்க அம்மா இவர் பேச்சத் தட்டினதே இல்ல."

"அப்பறம்?"

"படையல் போட்டாச்சு. காக்கா வரல. இவர் மாடியில நின்னுக்கிட்டு கா, கா-ன்னு கூப்பிடறாரு. கீழ அவன் என்னக் கூப்பிடறான், மேல இவரு காக்காயக் கூப்பிடறாரு. ரெண்டும் எனக்கு நல்லாக் கேட்டுது. காக்கா வந்தப்போ கீழ சத்தம் நின்னுடுச்சு. நான் போய்ப் பாத்தப்போ கொழந்தைதான் இருந்தது. அப்படியே திரும்பி வரல."

சரசு அக்கா அழுதார். நான் அழவில்லை. எழுதிக்கொண்டிருந்தேன்.

பிறகு கிணறு ஏன் என்று கேட்டேன். முதல் கூட்டத்தில் நடந்ததை நடந்தபடியே சொன்னாராம். காக்கை என்றதும் பெண்கள் சிரித்துவிட்டார்களாம். ஒருத்தி, "அவ்ளோதானா டாக்டரம்மா? அடிக்கல, குடிக்கல, தங்கமான மனுஷன்" என்றாளாம். "ஒண்ணும் பண்ணாததுக்கு ஒருத்தி வீட்ட விட்டு வருவாளான்னு அவங்களுக்குப் புரியல. அதான் அவருக்கு ஒரு வேல குடுத்தேன்" என்றார்.

உங்களிடம் அனுமதி கேட்டது உண்மையா என்றும் கேட்டேன். "கேட்டேன், ஃபாக்டரி வாசல்ல. தலைய ஆட்டினாரு. வாயத் தொறக்கல" என்றார். இதில் உங்கள் இருவரில் யார் சொல்வது சரி என்று எனக்குத் தெரியாது. இரண்டையும் புத்தகத்தில் எழுதவில்லை.

சரசு அக்கா, "அப்போ நான் இத்தன வருஷமா சொன்னது பொய்யா?" என்று கேட்டார். டாக்டர் அம்மா அவர் தலையில் கை வைத்து, "நீ சொன்னது உன் கத. சஹானாகிட்ட சொல்லு, உன் பேரப் போட்டு எழுதுவா" என்றார். சரசு அக்கா ஒப்புக்கொண்டார். பெல்ட் இனி அதற்கு உரியவரிடம் போகிறது ஐயா. உங்களிடமிருந்து எடுத்தாகிவிட்டது. நீங்கள் கேட்டது கிடைத்துவிட்டது.

ஆனால் கிணறும் போகிறது. "இப்ப இருக்கற பொண்ணுங்க சிரிக்க மாட்டாங்க, நடந்தத எழுது" என்று டாக்டர் அம்மா சொல்லிவிட்டார். திதி நாளை அவர் சொன்னபடியே எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். தவறு இருந்தால் திருத்தி அனுப்புங்கள். புத்தகம் நவம்பர் கடைசியில் அச்சுக்குப் போகிறது.

அன்புடன்,
சஹானா


அத்திபெலே
2 நவம்பர் 2024

சஹானாவுக்கு,

பக்கத்தைப் படித்தேன். தவறு எதுவும் இல்லை. ஐயரின் பெயரைப் போட வேண்டாம், அவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். கிணறு இருக்கட்டும். சரசு வருத்தப்படுவாள் என்றால் அடித்தார் என்பதும் இருக்கட்டும், நான் ஆட்சேபம் சொல்லமாட்டேன். காக்கையை மட்டும் எடுத்துவிடு.

கிணற்றில் போட்டவன் கோபக்காரன். கோபம் எல்லோருக்கும் வரும். அந்த மனுஷனோடு நான் இத்தனை வருஷம் இருந்து பழகிவிட்டேன். அனுஷாவுக்கும் அவனைத் தெரியும். மாடியில் நிற்பவனை அவளுக்குத் தெரியாது.

நீ சின்னப் பெண். உனக்குக் கைகூப்பி எழுதுவது எனக்குப் பெரிதில்லை.

அர்ஜுனன்


விவேக் நகர்
9 நவம்பர் 2024

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை வீட்டில் வைத்துப் படிக்க முடியாமல் ஏரிக்கரைக்குப் போய் உட்கார்ந்து படித்தேன்.

காக்கையை எடுக்கமாட்டேன். தனபாக்கியம் என்ற பெயர் எந்தக் கதையிலும் இதுவரை வந்ததில்லை. கிணறு இருந்தால் அவருக்கு இடமில்லை. அவர் எப்படி இறந்தார் என்பதைக் கிணற்றை வைத்துக்கொண்டு சொல்ல முடியாது.

ஆனால் அந்த அத்தியாயத்தில் உங்கள் வார்த்தை ஒன்றுகூட இல்லை. எனக்கு அது உறுத்துகிறது. நானும் கூட்டங்களில் வாயைத் திறக்காதவள்தான். உள்ளே ஆயிரம் ஓடும், வெளியே ஒன்றும் வராது. உங்களுக்குள்ளும் அன்று ஏதோ ஓடியிருக்கும். அம்மாவுக்குப் பயமா, அப்பாவின் நினைப்பா, அந்தப் பெண் பிழைத்துவிடுவாள் என்று நினைத்தீர்களா? எதுவாக இருந்தாலும் எழுதுங்கள். ஒரு சொல்லும் மாற்றாமல் உங்கள் பெயரில் போடுகிறேன். டாக்டர் அம்மாவிடம் கேட்டேன். "எழுதினா போடு" என்றார்.

ஒரு பக்கம் உங்களுக்காக நிறுத்தி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
சஹானா


விவேக் நகர்
12 ஜனவரி 2025

அன்புள்ள ஐயா,

புத்தகம் வந்துவிட்டது. உங்கள் பக்கத்துக்காக அச்சகத்தாரிடம் இரண்டு முறை தவணை கேட்டேன். சரசு அக்காவே என் பக்கம் பேசினார். "அந்த ஆளுக்கு இன்னும் ரெண்டு நாள் குடுங்க, மாத்தாடட்டும், வாயத் தொறந்து பேசட்டும்" என்றார்.

தினமும் தபால்காரர் போன பிறகு டாக்டர் அம்மா உள்ளிருந்து கேட்பார். "வந்துச்சா?"

"இல்லம்மா."

"சரி."

கடைசி நாளும் கேட்டார். இல்லை என்றேன். ரேடியோவை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "அனுப்பிடு" என்றார். உங்களுக்காக வைத்திருந்த பக்கத்துக்குச் சரசு அக்காவின் கதை நகர்ந்து வந்துவிட்டது. இப்போது பார்த்தால் அங்கே ஓர் இடம் இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

நேற்று வெளியீட்டு விழா. என்னை நான்கு வார்த்தை பேசச் சொன்னார்கள். தனபாக்கியத்தின் பெயரைச் சொல்லி, அந்தப் பத்தியைப் படித்தேன். காக்கை வந்த இடத்தில் யாரும் சிரிக்கவில்லை.

இரண்டு பிரதிகள் அனுப்புகிறேன். ஒன்று உங்களுக்கு. இன்னொன்று அனுஷாவுக்கு. டாக்டருக்குப் படிக்க ஆசைப்படும் பெண் என்று சொன்னதும் டாக்டர் அம்மா பேனாவைக் கேட்டு வாங்கி, முதல் பக்கத்தில் அவள் பெயரை எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டார். யாருடைய பேத்தி என்று நான் சொல்லவில்லை. ஊரைக் கேட்டார், சொன்னேன். வேறு எதுவும் அவர் கேட்கவில்லை.

ரகு அண்ணனிடமும் அனுஷாவிடமும் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். கட்டு உங்கள் பெயருக்குத்தான் வருகிறது. பிரிப்பது நீங்கள். அந்தப் புத்தகத்தை அவளிடம் கொடுக்க வேண்டியதும் நீங்கள்.

இனி நான் எழுதமாட்டேன் ஐயா. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சஹானா